பதிவில் கலங்கும் கை

ஜூன் 11, புதன்

ஸ்விட்சர் வந்து சேர்ந்தது. மதுரையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஷாஜகான் பாய் தனக்குப் புதிது வாங்கிக்கொண்டு, பழையதை எங்கள் காது கேளாதோர் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். டிபன் கேரியரைப் படுக்கப் போட்ட அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. மேலே பொத்தான்கள். பின்னால் மூன்று கேமராக்களின் ஒயர்களையும் சொருகினால், எந்தப் பொத்தானை அழுத்துகிறோமோ அந்தக் கேமராவின் படம் பதிவாகும். இதுவரை ஒரே கேமராவில் எடுத்து, பிறகு கணினியில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். இனி பாடம் முடியும்போதே வீடியோவும் முடிந்துவிடும்.

தலைமையாசிரியை சிஸ்டர் ஜெபமாலை வந்து பெட்டியைத் தடவிப் பார்த்தார். "சிங்கராயர் சார், பொங்கலுக்குள்ள பன்னெண்டாம் வகுப்பு வரலாறு முழுசும் முடிச்சிருங்க. நம்ம பிள்ளைங்க மட்டுமில்ல, வீட்டுல இருந்து பரீட்சை எழுதுற காது கேளாத பிள்ளைங்களும் கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார்.

சைகையில் பாடம் நடத்துவது செசிலி. என் மனைவி. மூன்று வயதில் மூளைக்காய்ச்சலில் காது போயிற்று. இதே பள்ளியில் படித்து இதே பள்ளியில் வரலாற்று ஆசிரியை ஆனாள். நான் கணினி ஆய்வகம் பார்க்கிறேன். எனக்குக் காது கேட்கும். சைகை அவளிடம் கற்றதுதான்.

என்னென்ன மாற்றினேன் என்று குறித்து வைக்காவிட்டால் மறந்துபோகும் என்பதற்காக இதை எழுதத் தொடங்குகிறேன். இதில் செசிலியோ பிள்ளைகளோ சொன்னதாக வருவதெல்லாம் கையால் சொன்னது. சைகையில் நீ, நீங்க என்ற பேதம் கிடையாது. விரலை நீட்டினால் அவ்வளவுதான். அதனால் அவள் என்னை நீ என்பதாகவே எழுதுகிறேன். அதுதான் உண்மையும்கூட.

ஜூன் 13

முதல் பாடத்தைப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போட்டுக் காட்டினோம். படம் கலங்கலாக இருக்கிறது. முகம் பரவாயில்லை. கை அசையும்போது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மாதிரி தெரிகின்றன.

சௌந்தரி எழுந்தாள். வகுப்பிலேயே கூர்மையான பெண், முகத்துக்கு நேரே பேசுபவள். "சார், டீச்சர் டெல்லின்னு காட்டுறாங்க. அதுல இ வருதா ஐ வருதா தெரியல" என்றாள்.

அவள் சொல்வது சரி. பெயர்களை ஆங்கில எழுத்தாக விரலில் காட்டுவோம். உயிரெழுத்துக்கு இடது கை விரல்நுனிகள். வலது ஆள்காட்டி விரலால் கட்டைவிரல் நுனியைத் தொட்டால் ஏ, அடுத்த விரலைத் தொட்டால் இ, நடுவிரலைத் தொட்டால் ஐ. ஒரு விரல் தள்ளிப்போனால் எழுத்தே மாறிவிடும். சினிமாவில் படம் கொஞ்சம் மங்கினால் வசனத்தைக் கேட்டுச் சமாளிக்கலாம். எங்கள் பிள்ளைகளுக்குப் படம் மங்கினால் பேச்சே மங்கியது போலத்தான்.

ஜூன் 17

காரணம் கிடைத்துவிட்டது. கல்யாண மண்டபத்திலிருந்து நேரலை அனுப்புவதற்காகப் பாய் பதிவின் தரத்தை மிகவும் குறைத்து வைத்திருக்கிறார். படத்தை நசுக்கி நசுக்கிச் சேமித்திருக்கிறது. அசையாத இடம் தப்பிக்கும். அசையும் இடம்தான் அடிவாங்கும். பிட்ரேட்டைக் கடைசி வரை ஏற்றினேன்.

ஜூன் 18

கேஸ் லைட்டர் சரியில்லை என்று செசிலி சொன்னாள். அழுத்தினால் பொறி வரவில்லையாம். எனக்கு வந்தது. இருந்தாலும் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 24

முன்னைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் இப்போது படம் நடுநடுவே வெட்டிக்கொண்டு குதிக்கிறது. தரத்தை ஏற்றியதால் பென்டிரைவால் அந்த வேகத்துக்கு எழுத முடியவில்லை. சில ஃப்ரேம்களை விட்டுவிடுகிறது. ஆய்வகத்துக் கணினி ஒன்றிலிருந்து வேகமாக எழுதும் எஸ்எஸ்டியைக் கழற்றி, உறைபோட்டு மாட்டினேன். குதிப்பு நின்றது.

சௌந்தரியிடம் காட்டினேன். "நல்லாருக்கு சார். ஆனா டெல்லி இன்னும் அப்படியேதான் இருக்கு" என்றாள்.

ஜூலை 2

மூன்று கேமராவும் மூன்று விதமாக ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. இரண்டு நொடிக்கு இருபத்தைந்து ஃப்ரேம், ஒன்று ஐம்பது. ஸ்விட்சர் எல்லாவற்றையும் ஒரே கணக்குக்கு இழுத்துப் பிடிக்கப் பார்த்து, ஒரு ஃப்ரேமின்மேல் இன்னொன்றைப் பூசுகிறது. அதனால்தான் ஒரு விரலுக்குப் பின்னால் நிழலாக இன்னொரு விரல். மூன்றையும் ஐம்பதுக்கு மாற்றினேன். பேய் விரல் போய்விட்டது. எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமை.

மாலையில் செசிலி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பூட்டு திறக்கவில்லை. சாவியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான் திறந்தேன். "துருப் பிடிச்சிருக்கு" என்றேன்.  தேங்காய் எண்ணெய் விட்டேன்.

ஜூலை 5

காய் நறுக்குவது நான். கத்தி மழுங்கிவிட்டது, தெருவில் சாணை பிடிப்பவர் வந்தால் கொடுக்க வேண்டும்.

ஜூலை 14

ஷட்டர் வேகம்! இதை ஏன் முதலிலேயே பார்க்கவில்லை என்று தெரியவில்லை. ஒவ்வொரு ஃப்ரேமும் எடுக்கப்படும் நேரத்துக்குள் கை நகர்ந்துவிடுகிறது. வேகத்தைக் கூட்டினேன். படம் இருண்டது. ஆடிட்டோரியத்திலிருந்து இரண்டு எல்இடி விளக்குகளை இறக்கி வைத்தோம். இப்போது விரல் நகம்கூடத் தெரிகிறது.

வெளிச்சத்தில் செசிலிக்கு வியர்த்துக் கொட்டியது. இடைவேளையில் வலது கையை மடியில் வைத்து இடது கையால் பிசைந்துகொண்டிருந்தாள். விளக்கின் சூட்டில் களைப்பு. விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும்.

ஜூலை 15

டெல்லி அப்படியேதான் இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

பூசைக்குக் கிளம்பும்போது ஜாக்கெட் கொக்கியை என்னைப் போட்டுவிடச் சொன்னாள். தையல்காரர் இறுக்கமாகத் தைத்துவிட்டாராம். எல்லாக் கொக்கியையும் போட்டேன். இறுக்கமாக இல்லை. உண்மையில் தொளதொளவென்று இருந்தது, அவள் இளைத்திருக்கிறாள். மழை இல்லாத வெயில், யாருக்குத்தான் உடம்பு இளைக்காது.

கோயிலில் பூசையின் நடுவே ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் பக்கத்து அம்மா கை நீட்டினார். செசிலி கும்பிட்டாள்.

ஜூலை 29

ஷாஜகான் பாயை வரவழைத்தேன். பழைய மெஷினைத் தலையில் கட்டிவிட்டார் என்று உள்ளுக்குள் ஒரு கோபம் எனக்கு. ஆனால் மனிதர் பஸ் பிடித்து வந்து, பை நிறைய ஒயர்களோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு கேபிளாக மாற்றினார். தன் கேமராவை மாட்டிப் பார்த்தார். கடைசியில் ஸ்விட்சரையே தாண்டி, கேமராவின் கார்டில் நேராகப் பதிவு செய்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார். இரண்டும் ஒன்றுதான்.

"மெஷின்ல ஒண்ணுமில்ல சார்" என்றார்.

"அப்ப லென்ஸா இருக்குமோ?"

அவர் படத்தை நிறுத்தினார். செசிலியின் கை பெரிதாகத் திரையில் நின்றது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதை குழிந்திருந்தது. அவர் அதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வாசல்வரை கூடப் போனேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. டீச்சரம்மாவை ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார்.

"வெளிச்சம் கூடிப்போனா அப்படித்தான் குழி விழுந்த மாதிரி தெரியும்" என்றேன்.

"சரிங்க சார்" என்று போய்விட்டார்.

ஜூலை 30

எழுத ஒன்றுமில்லை. தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது. கழற்றிக் கடையில் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 4

போன வருடம் ஒரே கேமராவில் எடுத்த பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். சாதாரண கேமரா, சாதாரண டியூப்லைட். எழுத்தெல்லாம் கண்ணாடி மாதிரி தெரிகிறது.

அப்போது திரைச்சீலை பச்சை, இப்போது நீலம். நீலம் சேராமல் இருக்கலாம். நாளை மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 6

பச்சைத் திரை போட்டு எடுத்ததை வகுப்பில் ஓட்டினேன். செசிலியும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பாதியில் சௌந்தரி எழுந்தாள். என்னிடம் வரவில்லை. நேராகச் செசிலியிடம் போனாள். அவளுடைய வலது கையை எடுத்து, ஆள்காட்டி விரலைத் தன் விரல்களால் நிமிர்த்திவிட்டாள். பிறகு விட்டாள். விரல் மெல்ல மடங்கிக் கீழே இறங்கியது.

சௌந்தரி கையை விடுவித்துக்கொண்டு சொன்னாள்: "வீடியோ தெளிவா இருக்கு டீச்சர். விரல்தான் நிமிரல."

வகுப்பில் ஒரு கை அசையவில்லை. எங்கள் பள்ளியில் அமைதி என்றால் அதுதான். சௌந்தரிக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்புறம்தான் உறைத்தது, அழ ஆரம்பித்தாள். செசிலி அவள் தலையில் தட்டி, "நீ சரியாத்தான் பார்த்த. போய் உட்காரு" என்றாள்.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் நின்றோம்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"ஈஸ்டருக்கு முன்னாலேர்ந்தே."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் வலது கையை இடது கைக்குள் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நீ ஒவ்வொரு தடவை மெஷினைத் திறந்தப்பவும், ஒருவேளை மெஷினா இருக்கும்னு நானும் நினைச்சேன்."

 அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கும் தெரியும்" என்றாள். கேள்வி இல்லை. கேள்வி என்றால் புருவம் உயரும். உயரவில்லை.

ஆகஸ்ட் 19

மதுரை. நரம்பு மருத்துவர். கையில் ஊசி ஊசியாகக் குத்தி மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்கள். செசிலி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்து எலும்பு அழுத்துகிறதா என்று பார்க்க ஸ்கேனும் எடுத்தார்கள். கழுத்தாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கழுத்து என்றால் அறுவை செய்து சரிசெய்வார்களாம்.

செப்டம்பர் 3

கழுத்து இல்லை.

டாக்டர் நல்ல மனிதர், வயது குறைவு. தசையை இயக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும் நோய் என்றார். மருந்து வேகத்தைச் சற்றுக் குறைக்கும், நிறுத்தாது என்றார். ஒரு கையில் தொடங்கியது அடுத்த கைக்கும் போகும், பிறகு கால், விழுங்குவது, மூச்சு. அவர் சொல்லச் சொல்ல நான் செசிலிக்குச் சைகையில் சொல்ல வேண்டும். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நான் சொன்னது: "நரம்பு பலவீனம். மருந்து இருக்கு. ரொம்ப நாள் சாப்பிடணும்."

டாக்டர் தொடர்ந்தார். "பொதுவா இதுல நோயாளிகளுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கிறது பேச்சு போறதுதான். அந்த விதத்துல இவங்களுக்கு..." என்று தொடங்கி, ஆறுதலாக ஏதோ சொல்ல வந்தார்.

"டாக்டர், அவளுக்குப் பேச்சே கைதான்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மேசையில் வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

செசிலி என் தோளைத் தட்டினாள். "அவர் இவ்வளவு நேரம் பேசினார். நீ மூணே மூணு சொன்ன. மிச்சம் எங்க?"

"அவ்வளவுதான்."

"அவர் முகத்தைப் பார்த்தேன். எழுதுறதை ஏன் நிறுத்தினார்? எனக்குச் சேர வேண்டியதை நீ வச்சுக்காத."

காது கேட்பவர்கள் தன் வாழ்க்கையைத் தன் தலைக்கு மேலே பேசி முடிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் அவள். நானும் அதையே செய்துவிட்டேன். டாக்டரிடம், முதலிலிருந்து ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்னார். நான் ஒன்றையும் விடாமல் சொன்னேன். மூச்சு என்பதற்கான சைகையையும் நெஞ்சில் காட்டினேன். 

எல்லாம் முடிந்ததும் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இடது கை எவ்வளவு நாள் வரும்னு கேளு."

டாக்டருக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 4

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் தூங்கிவிட்டதாக நேற்று நினைத்தேன். தூங்கவில்லையாம். கண்ணை மூடிக்கொண்டால் யாரும் எதையும் சொல்ல முடியாது, அதனால் மூடிக்கொண்டாளாம். இன்று சொன்னாள்.

செப்டம்பர் 8

சிஸ்டர் ஜெபமாலையிடம் சொன்னோம். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து செசிலியை அணைத்துக்கொண்டார். "வீடியோ கிடக்கட்டும். நீ லீவ் போட்டு ஓய்வெடு" என்றார், சைகையிலும் வாயிலும் சேர்த்து.

"ஓய்வெடுத்தா கை திரும்புமா சிஸ்டர்?"

"அப்படி இல்லம்மா..."

"அப்ப இருக்குறப்பவே செலவழிக்கிறேன். நாளையிலிருந்து இடது கையில எடுக்கிறேன்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் பேசுவேன் என்று எதிர்பார்த்தார் போல. இந்தத் தடவை நான் யாருக்காகவும் பேசவில்லை.

செப்டம்பர் 15

வலது கை செய்த வேலையெல்லாம் இடதுக்கு. வலது கை இப்போது பலகை மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். இடது அதன்மேல் எழுதும். முதல் இரண்டு நாள் தடுமாறினாள். திட்டினாள், தன்னையேதான். பிள்ளைகளுக்கு ஒரு சிரமமும் இல்லை. அவர்களில் இடதுகைக்காரர்கள் இருக்கிறார்கள், பார்த்துப் பழகியவர்கள்.

நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். ஸ்விட்சரில் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் திருப்ப முடியும். திருப்பினால் அவள் வலது கையில் பேசுவது போலவே இருக்கும். ஓட்டிக் காட்டினேன். பின்னால் மாட்டியிருந்த இந்திய வரைபடமும் திரும்பிவிட்டது. கல்கத்தா அரபிக்கடல் ஓரத்தில் நின்றது. செசிலி சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு.

பிறகு சொன்னாள்: "திருப்பாத. எந்தக் கையில சொல்றேனோ அந்தக் கையே இருக்கட்டும்."

அக்டோபர் 9

பதிவு அருமை. ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. நேற்று உப்புச் சத்தியாகிரகம் எடுத்தாள். வேதாரண்யம் போகும் கூட்டத்தை அவள் காட்டிய விதம்: தோள்கள் நடந்தன, கண் தூரத்தைப் பார்த்தது, கால் சுடும் மணலை முகமே காட்டியது. தடியடியின்போது கடைசி பெஞ்ச் பெண் ஒருத்தி கையை முகத்துக்கு முன்னால் கொண்டுபோய்விட்டாள். நான் பொத்தானை அழுத்த மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, நடுக் கேமராவிலேயே நின்றிருந்தது.

அவள் கை பழைய வேகத்தில் இல்லை. அதனாலோ என்னவோ, ஒவ்வொரு சொல்லையும் நின்று நிதானித்து வைக்கிறாள்.

அக்டோபர் 20, தீபாவளி

ஓசூரில் வேலை பார்க்கும் மகன் ஜெரால்டு வீடியோ காலில் வந்தான். அவனிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு மாதமாக நானும் அவளும் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தோம். அவள் 'சாப்பிட்டியா' என்று கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. திரைக்கு அருகில் வந்து பார்த்தான்.

"அம்மா ஏன் இடது கையில பேசுறாங்க?"

அவன் பிறந்த நாளிலிருந்து அந்த வலது கையைப் பார்த்து வளர்ந்தவன். ஒரு சொல்லுக்குமேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் அவளே சொன்னாள். அவன் போனைக் கீழே வைத்துவிட்டான். கொஞ்ச நேரம் அவன் அறையின் மின்விசிறி மட்டும் தெரிந்தது. நாங்கள் இருவரும் அந்த விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சனிக்கிழமை வருகிறானாம்.

நவம்பர் 12

இடது கையும் சோர்கிறது. காலையில் நன்றாக இருக்கிறது, போகப் போக விரல்கள் கேட்பதில்லை. சின்னச் சின்னதாக எடுக்கிறோம்.

இதற்கு ஒரு வழி செய்துகொண்டோம். மூன்றாம் பொத்தான் வரைபடத்தைக் காட்டும் கேமரா. ஊர் ஒன்று வந்ததும் அதை அழுத்திவிடுவேன். வரைபடம் திரையில் நிற்கும் நேரத்தில் அவள் கைகளை மடியில் போட்டுக்கொள்வாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தயார் என்று அவள் கண்ணைக் காட்டியதும் முதல் பொத்தான். வீடியோ பார்ப்பவர்களுக்குப் பாடம் தடையில்லாமல் ஓடும். இப்போதெல்லாம் பாடத்தில் ஊர்ப்பெயர் வரும் இடங்களை நான் முன்கூட்டியே தேடி வைக்கிறேன். ஊரே இல்லாத பக்கங்கள் வந்தால் பயமாக இருக்கிறது.

நவம்பர் 13

சோறு ஊட்டிவிட்டேன். முதல் நாள். குழம்பு அதிகம் என்றாள், முகத்தால்.

டிசம்பர் 3

இன்று வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டாள். நெசவாளிகள் என்ற சொல்லுக்குக் கை எழவில்லை. மறுபடி முயன்றாள். மூன்றாம் பொத்தானை அழுத்தினேன். வரைபடம் நின்றது. காத்திருந்தேன். அவள் தயார் என்று கண்ணைக் காட்டவில்லை.

பதிவை நிறுத்தினேன். விளக்கை அணைத்தேன். பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவள் கையை என் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அது என்னவோ சொல்வதுபோல் உள்ளே துடித்துக்கொண்டிருந்தது. நரம்பு சாகும்போது தசை அப்படித் துடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு சொல்லாவது இருக்குமா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.

டிசம்பர் 9

எழுத்து அட்டை ஒன்று செய்தேன். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போவேன். வேண்டிய எழுத்து வந்ததும் அவள் இமைப்பாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. சொற்களாகப் பேசி வாழ்ந்தவளை எழுத்துக்கூட்டச் சொல்கிறேன். ஆனால் வேறு வழியில்லை. முகத்தால் பாதி, அட்டையால் மீதி.

இன்று அவள் அட்டையில் சொன்ன முதல் வாக்கியம்: மிச்சப் பாடம் யார் எடுப்பது.

டிசம்பர் 11

சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். சென்னையில் காது கேளாத ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், ஆனால் ஏப்ரலில்தான் வர முடியும் என்றார். பரீட்சை மார்ச்சில். இன்னும் சில பாடங்கள்தான், அதை அச்சுக் குறிப்பாகக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார்.

செசிலி முகத்தைச் சுளித்தாள். பிறகு தாடையால் என்னைச் சுட்டினாள்.

"நானா?" என்றேன்.

மறுபடியும் தாடை.

"என் சைகையைப் பார்த்துப் பிள்ளைங்க சிரிப்பாங்க. உனக்கே தெரியும்."

உண்மை. காது கேட்பவர்கள் சைகை செய்தால் தனியாகத் தெரியும். சொல் சரியாக இருக்கும், முகம் செத்திருக்கும். நான் வகுப்பில் பேசினால் 'ரேடியோ கை' என்று பிள்ளைகள் எனக்குத் தெரியாமல் கேலி செய்வார்கள். எனக்குத் தெரியும்.

அட்டையை எடுக்கச் சொன்னாள். எழுத்து எழுத்தாக வந்தது: சிரிக்கட்டும். புரியணும்.

சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஸ்விட்சரை யார் பார்ப்பாங்க?" என்று கேட்டார்.

செசிலி புருவத்தை உயர்த்தி, இது ஒரு கேள்வியா என்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

டிசம்பர் 25

ஜெரால்டு வந்திருக்கிறான். தாயும் மகனும் கண்ணாலேயே சண்டை போட்டார்கள். எதற்கு என்று எனக்குச் சொல்லவில்லை. பிறகு அவன் அவளுக்குத் தலை பின்னிவிட்டான். கோணலாக.

ஜனவரி 7

முதல் பதிவு, என்னுடையது. ஐரோப்பாவில் தொழிற்புரட்சி.

செசிலியை ஸ்விட்சருக்கு முன்னால் உட்காரவைத்து, முழங்கையை மேசையில் தலையணைமேல் ஏற்றி வைத்தேன். விரலால் முடியாது, ஆனால் கையை அப்படியே நகர்த்தி, விரல் முட்டியால் பொத்தானை அழுத்த முடிகிறது. இரண்டு வாரமாகப் பழகினாள். சௌந்தரியும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் சுவர் ஓரம் உட்கார்ந்தார்கள். எனக்குப் பார்த்துப் பேச யாராவது வேண்டும் என்று செசிலிதான் வரச் சொன்னாள்.

விளக்குக்கு முன்னால் நின்றேன். இவ்வளவு சூடா இது? இத்தனை மாதமும் இதில்தான் அவள் நின்றிருக்கிறாள். பெட்டியில் பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்புப் புள்ளி எரிந்தது. இயந்திரங்கள் வந்ததும் கையால் நெய்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டுத் தொடங்கினேன்.

சிவப்புப் புள்ளி அணைந்தது. செசிலி தலையை ஆட்டினாள். இல்லை.

மறுபடி. மறுபடியும் அணைந்தது. "எந்தக் கை தப்பு?" என்று கேட்டேன். கை இல்லை என்று கண்ணால் சொன்னாள். தன் முகத்தை எனக்குக் காட்டினாள். புருவம் உயர்ந்தது, கண் விரிந்தது, தலை லேசாக முன்னால் வந்தது. உடம்பில் அவளுக்கு மிச்சமிருந்த பேச்சு முழுவதும் அதில் இருந்தது. கேள்வி. நெய்தவர்கள் என்ன ஆனார்கள்?

நான் கேட்டது தகவல். அவள் கேட்டது அவர்களைப் பற்றி.

எத்தனை தடவை எடுத்தோம் என்று எண்ணவில்லை. சௌந்தரி முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். எனக்குக் கழுத்தில் வியர்வை ஓடியது. கோபம் வந்தது, போனது. ஒரு கட்டத்தில் கேமராவைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பெட்டிக்குப் பின்னால் இருந்த அவளைப் பார்த்து, அவளிடமே கேட்டேன்.

சுவர் ஓரத்தில் சௌந்தரி பதிலைக் கையால் சொல்லத் தொடங்கிவிட்டாள். தன்னை அறியாமல்.

செசிலி தலையசைக்கவில்லை, சிரிக்கவில்லை. சிவப்புப் புள்ளி அணையவும் இல்லை. தலையணைமேல் கையை மெல்ல நகர்த்தி, முட்டியால் இரண்டாம் பொத்தானை அழுத்தினாள். பக்கக் கேமரா. மேலே போ என்று அர்த்தம். போனேன்.